தனக்கே உரிய நேரமும் வெளியும்: ஆட்டிசச் சிகிச்சையில் பூர்வகுடி மக்களின் பார்வை

ஆட்டிசம் என்னும் சொல் ஒரு குடும்பத்திற்குள் முதன்முதலாக நுழையும் நாளில், குறைபாடு, தாமதம், பயிற்சி, இலக்கு என வேறு பல சொற்களும் அதனுடன் சேர்ந்தே வருகின்றன. தமிழில் வழங்கும் 'மதியிறுக்கம்' என்ற பெயரும் இறுகிப்போன ஒன்றையே நம் கண்முன் நிறுத்துகிறது. குழந்தையின் நடத்தையை நாம் எவ்வாறு புரிந்துகொள்கிறோம் என்பதை இத்தகைய பெயர்கள் ஓரளவு தீர்மானித்துவிடுகின்றன. நியூசிலாந்தின் மாவோரி மக்களும் கனடாவின் பூர்வகுடி மக்களும் இதுபற்றி ஆழ்ந்து சிந்தித்துள்ளனர். அச்சிந்தனை இன்று நடத்தைச் சிகிச்சைக்குள்ளும் மெல்ல இடம்பெற்று வருகிறது. நம் குடும்பங்களும் அதிலிருந்து பெறத்தக்கவை பல.

பெயரில் தொடங்கிய மாற்றம்

மனநலம், மாற்றுத்திறன் ஆகிய துறைகளுக்குரிய மாவோரிச் சொற்களைத் தொகுத்த 'தே ரேயோ ஹாப்பாய்' என்னும் சொற்களஞ்சியம் 2017இல் நியூசிலாந்தில் வெளியாயிற்று. அதனை உருவாக்கிய மொழியறிஞர் கெரி ஓப்பாய், ஆட்டிசத்தைக் குறிக்க 'தக்கிவாத்தங்கா' என்ற புதுச்சொல்லைப் படைத்தார். 'தனக்கே உரிய நேரத்திலும் வெளியிலும் இருத்தல்' என்னும் தொடரிலிருந்து அது பிறந்தது. குறை என்ற எண்ணம் இச்சொல்லில் இல்லை. குழந்தைக்கென ஒரு வேகமும் ஓர் இடமும் உண்டு என அது ஏற்றுக்கொள்கிறது. அவ்வேகத்திற்கு இசைந்து நடக்கும் பொறுப்பு பெரியவர்களிடம் வந்து சேர்கிறது.

பெயர் மாறுவதால் இடர்ப்பாடுகள் மறைந்துவிடுவதில்லை. உறக்கமற்ற இரவுகளும், பேச இயலாமையால் எழும் சினமும், பெருஞ்சத்தத்தைத் தாங்க இயலாத தவிப்பும் அப்படியே இருக்கும். ஆயினும், அவற்றை நாம் எதிர்கொள்ளும் மனநிலை மாறக்கூடும்.

அளவுகோலும் அதன் பிறப்பிடமும்

ஆட்டிசத்தைக் கண்டறியும் மதிப்பீடுகள் பெரும்பாலும் மேலைநாட்டு வாழ்க்கைமுறையை அடிப்படையாகக் கொண்டு உருவானவை. சிறு குழந்தைகளுக்கான ஒரு மதிப்பீட்டில், பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடும் விளையாட்டு ஒரு பகுதியாக உள்ளது. கேக்கும் மெழுகுவத்தியும் காணாத வீட்டில் வளர்ந்த குழந்தைக்கு அந்த விளையாட்டே புதிது. வேண்டிய பொருளைக் குழந்தை விரலால் சுட்டுகிறதா என்று மற்றொரு வினாப்பட்டியல் கேட்கிறது. வட அமெரிக்கப் பூர்வகுடிகளுள் சிலரோ உதடுகளைக் குவித்துத் திசை காட்டும் வழக்கம் உடையவர்கள்.

கண்ணோடு கண் நோக்குவதும் அவ்வாறே. பல பூர்வகுடிச் சமூகங்களில் மூத்தோரை நேருக்கு நேர் உற்றுநோக்குவது மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. பெரியவர்கள் முன் தலைதாழ்த்தி நிற்கப் பழக்கப்பட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு இது எளிதில் விளங்கும். மதிப்பீடு செய்பவர் இவ்வேறுபாடுகளை அறியாவிட்டால் இருவகைப் பிழைகள் நேரலாம். பண்பாட்டு வழக்கத்தை அவர் நோயறிகுறியாகக் கொள்ளலாம். உண்மையான அறிகுறியைப் பண்பாட்டு வழக்கமெனக் கருதி, உதவி தேவைப்படும் குழந்தையைக் கைவிடவும் செய்யலாம். இரண்டாவது பிழையால் உரிய காலத்தில் கிடைக்க வேண்டிய பயிற்சி தவறிப்போகிறது.

நடத்தைச் சிகிச்சை கடந்து வந்த பாதை

பெரிய திறனைச் சிறு படிகளாகப் பிரித்துக் கற்பித்து, ஒவ்வொரு படியையும் வெகுமதியால் வலுப்படுத்துவது நடத்தைச் சிகிச்சையின் அடிப்படை. அமெரிக்க உளவியலாளர் ஐவர் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளுக்கு வாரம் 40 மணிநேரத்திற்கும் மேலாக இத்தகைய பயிற்சி அளிக்கப்பட்டது. தண்டனையும் அப்பயிற்சியின் ஒரு பகுதியாக இருந்தது. ஆட்டிசம் இல்லாத குழந்தையிலிருந்து வேறுபடுத்திக் காண இயலாத நிலையே வெற்றியெனக் கருதப்பட்டது.

இன்றைய சிகிச்சை பெரிதும் மாறியுள்ளது. விளையாட்டு வழியாகவும், குழந்தையின் விருப்பத்தைப் பின்பற்றியும் பயிற்சி அளிப்போர் பலர் உள்ளனர். எனினும், 'பிறரைப் போல் ஆக்குதல்' என்ற பழைய இலக்கு முற்றிலும் அகன்றுவிடவில்லை. அதனால் நேர்ந்த மனவலியை, ஆட்டிசத்துடன் வளர்ந்து பெரியவர்களானோர் பலர் எடுத்துரைத்துள்ளனர்.

கனடாவின் பூர்வகுடிப் பெற்றோருக்கு இவ்விலக்கு வேறொரு நினைவையும் எழுப்புகிறது. அங்கே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஏறத்தாழ 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகள் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டு உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். தாய்மொழியில் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டனர். அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் இதனைப் பண்பாட்டு இனப்படுகொலை என்று குறிப்பிட்டது. அத்தகைய வரலாறுடைய குடும்பம் ஒரு நிறுவனத்திடம் தன் குழந்தையை ஒப்படைக்கத் தயங்குமாயின், அதை அக்கறையின்மை எனக் கொள்வது தவறு. நம்பிக்கையை முதலில் ஈட்டுவது சிகிச்சையாளரின் கடமை.

நான்கு சுவர்களும் இரு கண்களும்

மாவோரி மருத்துவ அறிஞர் மேசன் டூரி 1980களில் உடல்நலத்தை ஒரு வீட்டுக்கு ஒப்பிட்டு விளக்கினார். உடல், மனம், ஆன்மா, விரிந்த குடும்பம் ஆகிய நான்கும் அவ்வீட்டின் சுவர்கள். ஒன்று சரிந்தாலும் வீடு நிலைகொள்ளாது. இப்பார்வையில், பாட்டனும் அத்தையும் மூத்த உடன்பிறப்பும் சிகிச்சைக்கு வெளியே நிற்பவர்கள் அல்லர். குழந்தை புதுத்திறன்களைப் பழகிக்கொள்வது அவர்களுடன்தான். சோர்ந்துபோன தாயின் உறக்கமும் இங்கே சிகிச்சைத் திட்டத்தின் ஓர் அங்கமாகிறது.

கனடாவின் மிக்மாக் மக்களுடைய மூத்தோரான ஆல்பர்ட் மார்ஷலும் முர்டினா மார்ஷலும் 'இரு கண் பார்வை' என்னும் நெறியை 2004இல் முன்வைத்தனர். ஒரு கண்ணால் பூர்வகுடி அறிவின் வலிமையையும், மறு கண்ணால் மேலை அறிவியலின் வலிமையையும் கண்டு, இரண்டையும் யாவரின் நன்மைக்கும் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். வலிப்பு, உறக்கமின்மை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல் போன்றவற்றிற்கு மருத்துவ உதவி இன்றியமையாதது. பேச்சுப் பயிற்சியும் படஅட்டைகளும் அவசியமானவை. அவற்றை எந்த மொழியில், யாருடன், எந்த இடத்தில் கற்பிப்பது என்பதைத் தீர்மானிக்கக் குடும்பத்தின் அறிவு தேவை.

உங்கள் சிகிச்சையாளரிடம் பேச வேண்டியவை

இலக்கின் காரணம்: ஒவ்வொரு இலக்கும் குழந்தைக்கு எவ்வகையில் பயன்படும் எனக் கேளுங்கள். பசி, வலி, 'வேண்டாம்' ஆகியவற்றைத் தெரிவிக்கக் கற்பது அதன் பாதுகாப்புக்கு உரியது. தீங்கில்லாமல் கைகளை அசைப்பதை நிறுத்துவது யாருக்காக என்று சிந்திக்க வேண்டும்.

வீட்டு மொழி: இருமொழிச் சூழல் ஆட்டிசமுள்ள குழந்தையின் மொழி வளர்ச்சியைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. தாத்தாவும் பாட்டியும் பேசும் மொழியைக் குழந்தையிடமிருந்து விலக்க வேண்டியதில்லை.

வீட்டு வழக்கம்: கையால் உண்பது, தரையில் அமர்வது, பெரியோர்முன் பார்வையைத் தாழ்த்துவது போன்றவற்றை மதிப்பீட்டுக்கு முன்பே தெரிவியுங்கள்.

காத்திருத்தல்: ஒரு கேள்வி கேட்டபின் மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். விடையளிக்கக் குழந்தைக்குக் கூடுதல் நேரம் தேவைப்படலாம். உடனே கேள்வியைத் திரும்பக் கேட்பது அதன் முயற்சியைக் கலைத்துவிடும்.

மறுப்பு: பயிற்சியின்போது குழந்தை அழுதாலோ விலகினாலோ என்ன செய்யப்படும் எனக் கேளுங்கள். அதன் மறுப்பும் ஒரு செய்தியாக மதிக்கப்பட வேண்டும்.

பயிற்சியில் ஐயம் எழுந்தால் அதனைத் திடீரென நிறுத்திவிடாமல் முதலில் கலந்துபேசுங்கள். அடுத்த சந்திப்புக்கு வருமுன், உங்கள் குழந்தையை மகிழ்விப்பவை மூன்றையும், அதைத் துன்புறுத்துபவை மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். குழந்தையுடன் நாள்தோறும் வாழும் தாத்தா, பாட்டி அல்லது வேறு உறவினரையும் இயன்றால் உடன் அழைத்து வாருங்கள்.