அலகும் இரையும்: கரிசல் மண் தரும் பாடம்

பறவைக்குக் கைகள் இல்லை. எடுத்தல், உடைத்தல், துளைத்தல், குஞ்சுக்கு ஊட்டல் ஆகிய யாவும் அலகின் தொழில்களே. எலும்பின்மேல் கெரட்டின் உறை போர்த்தியதே அலகு. நம் நகத்தை ஆக்கும் பொருளும் அதுவே. தேயத் தேய வளரும் இவ்வுறுப்பு, இரைக்கேற்ப இனந்தோறும் வடிவம் வேறுபடுகின்றது. இதனை அறிய அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசற் காடும் கண்மாயுமே போதும்.

கரிசற் காட்டில்

சோளமும் கம்பும் விளையும் புன்செயில் தூக்கணாங்குருவியைக் காணலாம். அதன் அலகு குட்டையானது. அடி தடித்துக் கூம்பு வடிவில் அமைந்தது. உமி நீக்கித் தானியம் உண்ண ஏற்றது. அருகிலேயே கொண்டலாத்தி, நீண்டு வளைந்த மெல்லிய அலகை மண்ணில் செருகிப் புழுக்களைத் தேடும். மண்ணுக்குள் புதைந்த நிலையிலும் அலகின் நுனியை விரிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. வல்லூற்றின் கொக்கி போன்ற அலகோ ஊனைக் கிழிப்பது. நிலம் ஒன்றே, இரை வேறு, ஆதலின் போட்டி குறைவு.

கண்மாய்க் கரையில்

நத்தைகுத்தி நாரை அலகை மூடினாலும் நடுவே இடைவெளி தெரியும். குஞ்சுப் பருவத்தில் அது இல்லை. வளர்ந்த பின்னரே தோன்றும். கீழலகின் கூர்நுனியை உட்செலுத்தி, ஓட்டினை நொறுக்காமலே நத்தையின் சதையை அந்நாரை வெளியே எடுக்கும். கரண்டிவாயனோ தட்டையான அலகைச் சற்றே திறந்து, கலங்கிய நீரில் இருபுறமும் வீசி நடக்கும். இரை பட்டவுடன் அலகு மூடிக்கொள்ளும். கண்ணால் காண இயலாததை அங்கே தொடுவுணர்ச்சி காண்கின்றது.

வறட்சியின் தீர்ப்பு

காலபாகஸ் தீவுக்கூட்டத்தின் டாப்னி மேஜர் தீவில் 1977ஆம் ஆண்டு கடும் வறட்சி நேர்ந்தது. அங்கிருந்த குருவிகளைப் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் ஆகிய ஆய்வாளர் இணையர் ஆண்டுதோறும் அளந்துவந்தனர். வறட்சியில் சிறு விதைகள் தீர்ந்து, பெரிய கடின விதைகளே எஞ்சின. தடித்த அலகுடையவை மிகுதியாகப் பிழைத்தன. அவற்றின் குஞ்சுகளும் அவ்வாறே தடித்த அலகு பெற்றன. எந்தக் குருவியும் தன் அலகை மாற்றிக்கொள்ளவில்லை என்பதை இங்கு நாம் மறத்தல் ஆகாது. பொருந்தாதவை பெரும்பாலும் மடிந்தன.

வறட்சியை நன்கறிந்த நம் மண்ணுக்கும் இது பொருந்தும். கண்மாய் தூர்ந்தால் நத்தை அருகும். நத்தை அருகினால் நாரையின் அரிய அலகு அங்குப் பயனற்றதாகும். சீமைக் கருவேலம் மூடிய புன்செயில் தானியம் இல்லை. தூக்கணாங்குருவிக்கு வேலையும் இல்லை. பல தலைமுறைகளில் உருவான அலகு ஒரு கோடையில் மாறாது. மாறவேண்டியது நம் போக்கே. கண்மாயைத் தூர்வாரிக் காப்பது பயிருக்கு மட்டுமன்று, பறவைக்கும் நாம் செய்யும் கடமையாகும்.