ராடார் காணும் மழையும் நிலத்தில் விழும் மழையும்

ராடார் என்பது பகைவர் விமானங்களைக் கண்டுபிடிக்கும் கருவியாயிற்றே, நெசவாளர்க்கும் விவசாயிகளுக்கும் அதைப் பற்றிப் பாடம் எதற்கு என்று அங்கத்தினர்களில் சிலர் வினவக்கூடும். சென்ற ஐப்பசி மாதத்தில் தணிக்கையின்பொருட்டு ஒரு நெசவாளர் சங்கத்திற்குச் சென்றிருந்தோம். விடியற்காலையில் கைப்பேசியில் ராடார் படத்தைப் பார்த்த இளைஞர் ஒருவர், நம் ஊரின்மேல் நிறமே இல்லை, தைரியமாகப் பாவு நீட்டலாம் என்றார். "மேகம் தாழ இருக்கிறது, தம்பி" என்று முதியவர் ஒருவர் தயங்கினார். படமே வென்றது. கஞ்சி ஏற்றிக்கொண்டிருக்கும்போதே தூறல் பிடித்துக்கொண்டது. தெருவில் நீட்டியிருந்த நான்கு பாவுகளும் நனைந்து, கஞ்சி கரைந்து, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயின. பொய்ப் படம் என்று எல்லோரும் சினந்தனர். அன்று அவர்களுக்கு நாம் கூறிய விளக்கத்தையே இங்கே விரித்து எழுதுகிறோம்.

ராடார் மழையைப் பார்ப்பதில்லை, அளப்பதும் இல்லை. அது ஒரு மின்காந்த அலைத் துடிப்பை வானில் செலுத்திவிட்டு, திரும்பி வரும் எதிரொலிக்காகக் காத்திருக்கிறது. அலை வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆகவே எதிரொலி வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் திரும்பினால், துளிகள் 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன என்பது கணக்கு. தூரம் அறிவது இவ்வளவு எளிது. எவ்வளவு மழை என்று அறிவதுதான் கடினம்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது மழையின் எதிரொலி ராடார் திரையில் தோன்றி விமானங்களை மறைத்தது. படையினர்க்கு அது தொல்லை. கானடாவில் ஸ்டூவர்ட் மார்ஷல் என்ற பௌதிக ஆராய்ச்சியாளர் அத்தொல்லையையே தமது ஆராய்ச்சிப் பொருளாக்கிக்கொண்டார். யுத்தம் முடிந்தபின் மாண்ட்ரியால் நகரிலுள்ள மக்கில் சர்வகலாசாலையில் அவ்வேலையைத் தொடர்ந்தார். திரும்பி வரும் எதிரொலியின் வலிமையைக் கொண்டு மழையின் அளவைக் கூற முடியுமா என்பதே அவர் எழுப்பிய வினா.

இதிலுள்ள சிக்கலை நெசவாளர்கள் நம்மைவிட விரைவில் புரிந்துகொள்வார்கள். ஒரு பவுண்டு நூல் என்று மட்டும் சொன்னால் அதன் நீளம் தெரியுமா? 20-ஆம் நம்பர் நூலானால் பவுண்டுக்கு 20 சிட்டம். 40-ஆம் நம்பரானால் 40 சிட்டம். சிட்டம் ஒன்றுக்கு 840 கெஜம். எடை ஒன்றே, நீளமோ இரு மடங்கு. நம்பர் தெரியாதவனுக்கு எடை தெரிந்து பயனில்லை. மழைக்கும் அத்தகைய 'நம்பர்' ஒன்று உண்டு. அதுதான் துளியின் பருமன். துளியின் குறுக்களவு இரட்டித்தால் அதிலுள்ள நீர் 8 மடங்காகும். எதிரொலியோ 64 மடங்காகும். ஆகவே 1 மில்லிமீட்டர்த் துளிகள் எட்டும், 2 மில்லிமீட்டர்த் துளி ஒன்றும் ஒரே அளவு நீரைக் கொண்டவையாயினும், பெரிய துளியின் எதிரொலி எட்டு மடங்கு வலியது.

ஆகையால் மார்ஷலும் அவருடைய மாணவர் பால்மரும் ராடாரை விட்டுவிட்டுத் துளிகளை அளக்கப் புகுந்தனர். சாயப்பொடி தூவிய வடிதாள்களைச் சிறிது நேரம் மழையில் காட்டினர். துளி விழுந்த இடமெல்லாம் சாயம் கரைந்து வட்டக் கறையாயிற்று. ஒவ்வொரு கறையையும் அளந்து, எந்தப் பருமனில் எத்தனை துளிகள் என்று கணக்கிட்டனர். கோடிக்கணக்கில் விலைபெறும் கருவிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவை ஒரு கற்றைக் காகிதங்கள்! இவர்களுக்கும் முன்னரே, 1904-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் வெர்மாண்ட் மாகாணத்து விவசாயி வில்சன் பென்ட்லி என்பவர், தட்டில் சலித்த கோதுமை மாவைப் பரப்பி அதில் துளிகளை விழச் செய்து, திரண்ட மாவுருண்டைகளை உலர்த்தி அளந்திருக்கிறார். இத்துறையில் முன்னோடி ஒரு விவசாயி என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி.

மார்ஷலும் பால்மரும் தங்கள் முடிவுகளை 1948-இல் வெளியிட்டனர். அதிலிருந்து வளர்ந்த சூத்திரம் இன்றும் வானிலை ராடார்களில் பெரிதும் வழங்குகிறது. மணிக்கு 1 மில்லிமீட்டர் மழைக்கு எதிரொலியின் எண் 200. மணிக்கு 10 மில்லிமீட்டருக்கு அது ஏறக்குறைய 8,000. அதாவது மழை 10 மடங்கானால் எதிரொலி 40 மடங்காகிறது. படத்தின் நிறங்களெல்லாம் இந்த எதிரொலியின் நிறங்களே.

ஆனால் இது சராசரிக் கணக்கு என்பதை மறக்கலாகாது. இடிமழையின் துளி பெரிது. தூறலின் துளி சிறிது. ஆலங்கட்டி கலந்தால் எதிரொலி மிகப் பெருகி, இல்லாத மழையையும் இருப்பதாகக் காட்டும். வறண்ட காற்றில் விழும் துளி தரையை எட்டுமுன்பே ஆவியாவதும் உண்டு. களத்தில் நெல்லை வாரிக் குவித்துவிட்டுக் காத்திருந்தவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

மற்றொன்று, பூமியின் வளைவு. ராடாரின் கற்றை நேராகச் செல்ல, நிலம் அதற்குக் கீழே வளைந்து இறங்கிவிடுகிறது. 150 கிலோமீட்டர் தொலைவில் கற்றையின் மையம் தரைக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேலே சென்றுவிடும். சென்னையில் 2002-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் டாப்ளர் ராடார் கடலில் வரும் புயலை நெடுந்தொலைவிலேயே கண்டுகொள்ளும். புயல் மேகம் உயரமானது. தாழ்ந்த மேகத்தின் தூறலோ கற்றைக்குக் கீழேயே பெய்து முடிந்துவிடும். நாம் மேலே கூறிய சங்கம் ராடாரிலிருந்து அத்தகைய தொலைவில் உள்ளது. சிறு துளி, தாழ்ந்த மேகம், நெடுந்தூரம் மூன்றும் அன்று கூடின. வயலுக்கு அத்தூறல் ஒரு பொருட்டன்று. கஞ்சிப் பாவுக்கு அதுவே போதும்.

இக்காரணங்களால்தான் ராடாரின் கணக்கைத் தரையிலுள்ள மழைமானிகளோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். சங்கத்துக்கும் மழைமானி ஒன்று தேவை என்று அன்றைய கூட்டத்திலேயே யோசனை கூறினோம். செலவு எதற்கு என்று சிறிது வாதம் நடந்தது. நனைந்த பாவின் உரிமையாளர்கள் நால்வரும் ஆதரித்ததால் தீர்மானம் நிறைவேறிற்று. இப்போது சங்கக் கட்டிடத்தின் பின்புறத் திறந்த வெளியில் மானி நிற்கிறது. நாள்தோறும் காலை 8.30 மணிக்கு எழுத்தர் அளவெடுத்துப் பதிவேட்டில் எழுதுகிறார். பக்கத்துப் பத்தியில், முந்தைய நாள் படத்தில் ஊரின்மேல் கண்ட நிறத்தை அந்த இளைஞரே எழுதி வருகிறார்.