எல்லை தாண்டிய குப்பை

கோவையிலிருந்து வாளையாறு வழியாகப் பாலக்காட்டிற்குள் நுழைபவருக்கு முதலில் மாறித் தோன்றுவது பெயர்ப்பலகையின் எழுத்தே. பேச்சு அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. கொழிஞ்சாம்பாறை, சிற்றூர்ப் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்து மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலும் பல குடும்பங்களின் வீட்டுமொழி தமிழ்தான். இவ்வூர்களில் பச்சைச் சீருடை அணிந்த பெண்கள் வீடுவீடாக வந்து குப்பை சேகரிக்கின்றனர். 'ஹரித கர்ம சேனா' என்பது அவர்கள் அமைப்பின் பெயர். ஹரிதம் என்றால் பசுமை. பெயரில் சேனை இருந்தாலும் அவர்கள் கையில் இருப்பவை சாக்குப்பையும் கைப்பேசியுமே.

அவர்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வதில்லை. சோறு, காய்கறித் தோல் போன்ற மக்கும் குப்பையை வீட்டார் தாமே உரமாக்க வேண்டும். மக்காதவற்றை, அதுவும் கழுவி உலர்த்திய பிறகே, ஒப்படைக்க வேண்டும். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. சாம்பார் ஊறிய செய்தித்தாளைக் காகித ஆலை ஏற்காது. அதே தாள் உலர்ந்து தூய்மையாக இருந்தால் கூழாகி மீண்டும் காகிதமாகும். தண்ணீர்ப் புட்டி நூலிழையாகித் துணிக்குள் புகும். மெல்லிய நெகிழிப் பைகளைத் துண்டாக்கித் தாருடன் கலந்து சாலை இடுகின்றனர். எதற்கும் உதவாத மிச்சம் சிமெண்ட் ஆலையின் சூளையில் எரிபொருளாகிறது. ஆகவே மறுசுழற்சி தொடங்கும் இடம் தொழிற்சாலை அன்று, அடுக்களை.

ஒரு வீடு தவறினால் ஒரு பை கெடும். இருநூறு வீடுகள் கொண்ட அடுக்குமாடியில் எல்லாம் ஒரே தொட்டியில் விழுந்தால் பிரிப்பவர் எவர்? இதனை எண்ணியே, நடுவண் அரசு 2016 ஏப்ரல் 8 அன்று வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், 5000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் உணவகங்களுக்கும் தனிக் கடமை விதித்தன. குப்பையைப் பிரித்தல் அவற்றின்படி கட்டாயமாக இருந்தது. மக்கும் பகுதியை இயன்றவரை வளாகத்திற்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டியிருந்தது. உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் விழா நடத்துவோரும் மூன்று வேலைநாள்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறின. கல்யாண வீட்டு இலையும் சட்டத்தின் பார்வைக்கு வந்துவிட்டது!

கடமையைச் செய்யச் செலவாகும். அச்செலவைத் தவிர்க்க நினைப்பவர்க்கு எல்லை அருகிலேயே இருக்கிறது. தமிழகத்துக் காய்கறியை இறக்கிய லாரி வெறுமையாகத் திரும்ப வேண்டுமா என்ன?

2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தின் கொடகநல்லூர், நடுக்கல்லூர்ப் பகுதிகளில் மருத்துவமனைக் கழிவு கொட்டப்பட்டிருந்தது. அதனிடையே கிடந்த நோயாளிகள் பற்றிய தாள்கள், அது கேரளத்திலிருந்து வந்ததைக் காட்டிக்கொடுத்தன. மருத்துவக் கழிவை முறைப்படி அழிக்கும் நிலையம் பாலக்காடு மாவட்டத்திலேயே பல்லாண்டுகளாக இயங்கி வருகிறது என்பதுதான் இதில் வேதனை. வழி இல்லாமல் அன்று, வழியை விட்டு விலகியே அக்கழிவு வயல்வெளிக்கு வந்தது. மூன்று நாள்களுக்குள் அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கேரளத்திற்கு ஆணையிட்டது. டிசம்பர் 22 அன்று கேரள அதிகாரிகள் லாரிகளுடன் வந்து, கொட்டியதை அள்ளி ஏற்றிக்கொண்டு திரும்பினர். வந்த சாலையிலேயே குப்பை ஊர் திரும்பியது.

சொற்பொருள்: நெகிழி – பிளாஸ்டிக்; நடுவண் அரசு – மத்திய அரசு; அடுக்களை – சமையலறை; தீர்ப்பாயம் – குறிப்பிட்ட வகை வழக்குகளை விசாரிக்கும் மன்றம்.

பயிற்சி

1. மக்காத குப்பையைக் கழுவி உலர்த்தித் தர வேண்டுவது ஏன்?
2. "மறுசுழற்சி தொடங்கும் இடம் தொழிற்சாலை அன்று, அடுக்களை" – விளக்குக.
3. 'வீடுவீடாக' என்பது போன்ற அடுக்குச் சொற்கள் மூன்று எழுதுக.
4. உம் வீட்டில் ஒரு நாள் சேரும் குப்பையைப் பார்த்து, எது எங்கே செல்கிறது என ஐந்து வரிகளில் எழுதுக.