ஓடு, சேர், இரட்டி! – செல்போன் விளையாட்டுக்குள் இருக்கும் கணக்கு



இந்த மாதம் கணக்குப் பக்கம் என் பொறுப்பில் வந்திருக்கிறது. "காலாண்டுத் தேர்வுல 31 மார்க் வாங்கினவன் கணக்கைப் பத்தி எழுதறானா?" என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். சார்தான் எழுதச் சொன்னார். எதில் தப்பு செய்தாயோ அதைப் பற்றியே எழுது என்றும் சொன்னார்.

தப்பு செய்த கேள்வி இதுதான். 2, 4, 8, 16 ... என்ற பெருக்குத் தொடர்வரிசையில் 2048 என்பது எத்தனையாவது உறுப்பு? நான் 2048-ஐ இரண்டால் வகுத்து "1024-ஆவது உறுப்பு" என்று எழுதிவிட்டேன். சரியான விடை 11. பேப்பரில் சார் சிவப்பு மையில் பெரிய கேள்விக்குறி போட்டிருந்தார். இந்த 1024-க்குப் பிறகு வருகிறேன், அதில் ஒரு விஷயம் இருக்கிறது.

நம்மில் பாதிப் பேர் இப்போது விளையாடும் ஓட்ட விளையாட்டு எல்லோருக்கும் தெரியும். ஆள் தானாக ஓடுவான், நாம் விரலால் இடது வலது தள்ள வேண்டும். 2011-இல் வந்த டெம்பிள் ரன், 2012-இல் வந்த சப்வே சர்ஃபர்ஸ் இரண்டும் இந்த வகைதான். 2014-இல் எண் சேர்க்கும் விளையாட்டு இரண்டு வந்தன. பிப்ரவரியில் த்ரீஸ். ஆஷர் வோல்மர், கிரெக் வோல்வெண்ட் ஆகியோர் ஒரு வருடத்துக்கு மேல் உழைத்துச் செய்தது. மார்ச்சில் 2048. இத்தாலியைச் சேர்ந்த 19 வயது கேப்ரியேலே சிருல்லி ஒரே வார இறுதியில் செய்து இலவசமாக விட்டுவிட்டார். உலகத்துக்கெல்லாம் தெரிந்தது 2048 தான். த்ரீஸ் செய்தவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. இந்த ஓட்டத்தையும் எண்ணையும் ஒன்றாகக் கலந்ததுதான் இப்போது நாம் ஆடுவது.

2048-இன் விதி ரொம்பச் சின்னது. ஒரே எண்ணும் ஒரே எண்ணும் மோதினால்தான் சேரும். இரண்டும் இரண்டும் நான்கு, நான்கும் நான்கும் எட்டு. இரண்டும் நான்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் சேராது. இதை அம்மாவிடம் காட்டினேன். அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் ஜோடி சேர்க்கும் இடத்தில் வேலை பார்க்கிறார். "இதைத்தானேடா நான் காலைல இருந்து பண்றேன்! ஏழுக்கு ஏழு, எட்டுக்கு எட்டு. ஏழையும் எட்டையும் சேர்த்து அனுப்பினா சூப்பர்வைசர் விடுவாரா?" என்றார். நம்பர் மட்டும் ஒத்தால் போதாதாம், தோலின் நிறமும் ஒத்துப்போக வேண்டுமாம். ஒரே தோலில் வெட்டினாலும் முதுகுப் பக்கமும் வயிற்றுப் பக்கமும் ஒரே மாதிரி இருக்காது என்றார். ஆக அம்மாவின் விளையாட்டு 2048-ஐ விடக் கஷ்டம்.

இப்போது 1024-க்கு வருவோம். எல்லாமே 2-ஆக வந்தால், 2048 என்ற ஒரு கட்டத்தை உண்டாக்க எத்தனை 2 வேண்டும்? 2048 ÷ 2 = 1024. அட, நான் பரீட்சையில் எழுதிய விடை! ஆனால் அது வேறு கேள்விக்கு விடை. எத்தனை 2 என்று கேட்டால் 1024. எத்தனை படி ஏறினோம் என்று கேட்டால் 2, 4, 8, 16, 32, 64, 128, 256, 512, 1024, 2048. விரல் விட்டு எண்ணுங்கள், பதினொன்றுதான். பதினோரு படிதான், ஆனால் 1024 கல் சுமக்கணும். இது மண்டையில் ஏறிய பிறகுதான் arⁿ⁻¹ என்ற சூத்திரத்தில் அந்த n எதற்காக மேலே உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. (சதுரங்கப் பலகையும் நெல்மணியும் கதை எல்லோரும் கேட்டது, ஆகவே விட்டுவிடுகிறேன்.)

எங்கள் ஆயா ஒரு படி மேலே போய்விட்டார். "ஆழாக்கு தெரியுமா உனக்கு?" என்று கேட்டார். 2 ஆழாக்கு ஒரு உழக்கு. 2 உழக்கு ஒரு உரி. 2 உரி ஒரு படி, அதாவது நாழி. பிறகு 8 நாழி ஒரு குறுணி, 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி. கடைசியில் மட்டும் 3 தூணி ஒரு கலம். காரி நாயனாரின் கணக்கதிகாரம் போன்ற பழைய கணக்கு நூல்களின் கணக்கெல்லாம் இந்த மாதிரி அளவுகளில்தான். நான் நோட்டில் போட்டுப் பார்த்தேன். ஒரு தூணிக்கு 256 ஆழாக்கு. ஒரு கலத்துக்கு 768 ஆழாக்கு. த்ரீஸ் விளையாட்டில் 3, 6, 12, 24 என்று இரட்டித்துக்கொண்டே போனால் ஒன்பதாவதாக வருவதும் அதே 768! அங்கே முதலிலேயே மூன்று, இங்கே கடைசியில் மூன்று. பெருக்கலில் முன் பின் மாறினால் என்ன, விடை ஒன்றுதானே. பின்னத்திலும் இப்படியே: 2 வீசம் அரைக்கால், 2 அரைக்கால் கால், 2 கால் அரை, 2 அரை ஒன்று. நெல் அளந்தவர்கள் கையில் செல்போன் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, ஓட்டத்தில் வரும் வாசலுக்கு வருவோம். இடது பக்கம் +10, வலது பக்கம் ×2. எதில் நுழைவது? எப்போதும் ×2 தான் பெரிசு என்று என் பக்கத்து பெஞ்ச்காரன் அடித்துச் சொல்வான். தப்பு. உங்கள் கையில் 10-க்கு மேல் இருந்தால்தான் ×2 லாபம். 6 இருந்தால் ×2 தருவது 12, +10 தருவது 16. சரியாக 10 இருந்தால் எதில் போனாலும் 20 தான்.

இரண்டு வாசலும் கிடைக்கும், வரிசை மட்டும் நம் விருப்பம் என்றால்? முதலில் கூட்டிப் பிறகு பெருக்குங்கள். 6-ஐ வைத்துப் பார்த்தால் (6+10)×2 = 32; 6×2+10 = 22. வித்தியாசம் 10. கையில் 6-க்குப் பதில் 6000 இருந்தாலும் அதே 10 தான் வித்தியாசம். நம்பவில்லையென்றால் n போட்டுப் பாருங்கள்.

இன்னொரு வகையில் நம்மைவிடச் சின்ன எண்ணைத்தான் விழுங்க முடியும், சமமாக இருந்தாலும் அவுட் என்று வைத்துக்கொள்வோம். பாதையில் 4, 8, 16, 32, 64 நிற்கின்றன. உங்கள் கையில் 5. நாலை விழுங்கினால் 9, எட்டை விழுங்கினால் 17, அப்புறம் 33, 65, கடைசியில் 129! ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு எண் வித்தியாசத்தில் தப்பிக்கிறோம். கையில் 5-க்குப் பதில் 4 இருந்திருந்தால் முதல் ஆளிடமே அவுட். ஒரே ஒரு மார்க்!

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் "விளம்பரம் பார்த்தால் பரிசு இரட்டிப்பு" என்று வருகிறது அல்லவா? அந்த ×2 வாசலை நான் ஒரு நாளும் விட்டதில்லை. போன் அம்மாவுடையது. ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கே அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது. நான் சொல்லவில்லை. மறுநாள் கம்பெனி பஸ் நிற்கும் இடம் மாறுகிறது என்று குரூப்பில் மெசேஜ் வந்திருக்கிறது, அம்மாவுக்கு அது போய்ச் சேரவே இல்லை. காலை ஆறே காலுக்கு வழக்கமான இடத்தில் போய் நின்று, பஸ் வராமல், ஏழரைக்குத் திரும்பி வந்தார். ஒரு நாள் சம்பளம் போச்சு. என்னைத் திட்டவில்லை. "போன்ல என்னமோ கோளாறு போல" என்று மட்டும் சொன்னார். கோளாறு நான்தான் என்று சாயங்காலம்தான் சொன்னேன். இப்போது அந்த விளையாட்டை நோட்டில் கட்டம் போட்டுத்தான் ஆடுகிறேன். தங்கச்சி எதிரணி. விளம்பரம் வராது, ஆனால் அவள் ஏமாற்றுவாள்.

உங்களுக்கு ஒரு கணக்கு. கையில் 4. நான்கு வாசல்கள்: +6, ×2, +10, ×3. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு முறை நுழைய வேண்டும், வரிசை உங்கள் இஷ்டம். அதிகபட்சம் 120 வரும், குறைந்தது 40. சரியாக 72 வர வைக்க முடியுமா? சரியாக 100? ஒன்று முடியும், ஒன்று முடியாது. எது, ஏன் என்று தாளில் எழுதி 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவில் கடைசி பெஞ்சில் கொடுக்கவும். தயவுசெய்து சுவரிலேயே விடை எழுத வேண்டாம். போன இதழுக்கு எழுதியதை அழிக்க நான்தான் துடைத்தேன்.