லின்க்: கூலிக் கணக்கில் நம்பி எழுதலாமா?

'லின்க் இருந்தால் எஸ்க்யூஎல் தெரிய வேண்டியதில்லை'

தெரிந்தே ஆகவேண்டும். லின்க் என்பது சி ஷார்ப்புக்குள்ளேயே க்வெரி எழுதும் வசதி; அது எஸ்க்யூஎல்லை மறைக்கும், ஒழிக்காது. கருமத்தம்பட்டி, சோமனூர் பக்கத்து விசைத்தறிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பாவும் ஊடை நூலும் கொடுப்பவர் ஒருவர். நெய்து கொடுத்து மீட்டருக்குக் கூலி வாங்குபவர் இன்னொருவர். பல வருடத்துக் கணக்கு டேபிளில் கிடக்கிறது, நமக்கு இந்த வாரத்தது போதும். லின்க்கை எஸ்க்யூஎல்லாக மாற்றும் என்டிட்டி ஃபிரேம்வொர்க்கில் 'வேர்' எழுதி, பிறகு 'டுலிஸ்ட்' போட்டால் சர்வரிலேயே சலித்துத் தேவையானது மட்டும் வரும். 'டுலிஸ்ட்' முந்திக்கொண்டால் டேபிள் முழுக்க மெமரிக்கு வந்த பிறகுதான் சலிப்பு. இரண்டிலும் விடை ஒன்றுதான். நாலு வரி டேட்டாவை வைத்துச் சோதிப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. பின்னால் ஓடும் எஸ்க்யூஎல்லை லாக்கில் படிக்கத் தெரியாதவர் கையில் லின்க்கைக் கொடுக்க நான் யோசிப்பேன். முன்பெல்லாம் எஸ்க்யூஎல்லாக மாற்ற முடியாத 'வேர்' நிபந்தனையை என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் சத்தமில்லாமல் மெமரியில் ஓட்டிவிடும். 2019இல் வந்த 3.0 பதிப்பு அதை நிறுத்தி, பிழை என்று முகத்துக்கு நேராகச் சொல்ல ஆரம்பித்தது. வேண்டிய கண்டிப்புதான்.

'க்வெரியை எழுதிய வரியிலேயே விடை வந்துவிடும்'

வராது. ஃபார்ஈச்சோ டுலிஸ்ட்டோ கேட்கும்போதுதான் க்வெரி ஓடும். இரண்டு முறை கேட்டால் இரண்டு முறை ஓடும். கூலி மாறும் ஊரில் இது காசு விஷயம். 2021 நவம்பரில் பேசி முடித்த உயர்வு சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், மற்றவற்றுக்கு 20. அது கைக்கு வராமல் 2022 ஜனவரியில் தறிகள் நின்றன. இப்படிப்பட்ட நேரத்தில் 'கூலி' வேரியபிளில் பழைய வீதத்தை வைத்து க்வெரி எழுதி, ஓட்டுவதற்கு முன் அதே வேரியபிளில் புது வீதத்தைப் போட்டால், பழைய மீட்டருக்கும் புதுக் கூலியே விழும். கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது. வீதத்தைத் தேதியோடு தனி டேபிளில் வைப்பதே சரி.

'லின்க் புதுசு, மெதுவானது'

சி ஷார்ப் 3.0உடன் 2007 நவம்பரில் வந்ததை இன்னும் புதுசு என்பவரிடம் என்ன பேச? வேகத்தில் வெறும் லூப் முந்தும் இடங்கள் உண்டு. வாரக் கூலிப் பட்டியல் அப்படிப்பட்ட இடமல்ல. ஆனால் ஆயிரக்கணக்கான வரிகளில் வீதத்தைத் திருத்த, ஒவ்வொன்றாக எடுத்து மாற்றிச் சேமிக்காதீர்கள். அதற்கு நேரடி எஸ்க்யூஎல், அல்லது 2022இல் என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் 7இல் வந்த 'எக்ஸிக்யூட்அப்டேட்'.