வளர்ந்தோர் கல்வியும் பல்கலைக்கழகமும்

கல்வி இளமைக்கே உரியது என்னும் எண்ணம் நம்மவரிடை ஆழ வேரூன்றியுள்ளது. பள்ளியை விட்டு நீங்கிய அன்றே ஏட்டையும் கட்டி வைத்து விடுவார் பலர். உழைத்து உண்ணும் வளர்ந்தோர்க்குப் பல்கலைக்கழகம் கற்பித்தல் கூடுமோ, கூடுமாயின் எம்முறையாற் கற்பித்தல் வேண்டும் என்னும் வினாக்களை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வந்த நாடு இங்கிலாந்து. அவ்வரலாற்றை, சிறப்பாக ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் தொடர்கல்விப் பகுதி வளர்ந்த முறையை, இம்மலரின் வாசகர் அறிதல் பயனுடைத்து.

இம்முயற்சிக்கு வித்திட்டவர் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் ஸ்ருவாட் என்பவர். அவர் 1867 ஆம் ஆண்டில் வட இங்கிலாந்து நகரங்களிற் பெண்களுக்கு வானியல் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். இளைஞர் ஒருவர் பெண்களை நேரே வினாவுதல் தகாதெனக் கருதப்பட்ட காலம் அது. ஆதலின் அவர் வினாக்களை அச்சிட்டுக் கொடுத்து, விடைகளை எழுத்திற் பெற்றுத் திருத்தினார். பின்னர் றொச்டேல் என்னும் ஊரிலே கூட்டுறவாளர்க்கு விரிவுரை செய்தபோது, தாம் தொங்கவிட்ட விளக்கப் படங்களை அவர் அங்கேயே விட்டுச் சென்றார். அவற்றைக் கொண்டு கூட்டுறவாளர் தம்முள் ஆராய்ந்து, அவரிடம் வினாவ விரும்பினர். விரிவுரையை அடுத்து வினாவிடை வகுப்பு நடத்தும் வழக்கம் இவ்வாறு தோன்றியது. எழுத்துப் பயிற்சியும் கலந்துரையாடலும் ஆகிய இவ்விரண்டுமே வளர்ந்தோர் கல்விக்கு இன்றளவும் இரு தூண்களாக நிற்கின்றன.

கேம்பிறிட்ஜ் 1873 இல் இவ்விரிவுரைகளைத் தன் பணியாக ஏற்றது. ஒக்ஸ்போட் 1878 இல் அதனைப் பின்பற்றியது. 1885 இற் செயலாளரான மைக்கல் சட்லர், நூல்களைப் பெட்டிகளில் அடைத்து ஊர்தோறும் அனுப்பும் முறையைப் பரப்பினார். 1888 இல் வெளியூர் மாணாக்கர் கோடை காலத்தில் ஒக்ஸ்போட்டிற் கூடிக் கற்கவும் வழி பிறந்தது. 1892 இல் ரெடிங் நகரில் நிறுவப்பட்ட விரிவுரைக் கல்லூரி, 1926 இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

எனினும் ஒரு குறை இருந்தது. வகுப்புக்கு வேண்டிய பொருளை ஊரவரே திரட்ட வேண்டியிருந்தது. நோதம்பலாந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் பேரார்வத்தோடு இவ்வகுப்புகளை நடத்தி வந்தனர். 1887 இல் வேலைநிறுத்தம் வந்தது, கூலி நின்றது, அதனோடு வகுப்புகளும் வீழ்ந்தன. ஆர்வம் குன்றியதால் அன்று, பொருள் குன்றியதால் அவை அழிந்தன என்பது நாம் மறவாதிருத்தற்குரியது.

இக்குறையை நீக்க முன்வந்தவருள் ஒருவர் அல்பேட் மான்ஸ்பிறிட்ஜ்; பதினான்கு வயதிற் பள்ளியை விட்டு எழுதுவினைஞரானவர். அவர் 1903 இல் தொழிலாளர் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கமும் ஒக்ஸ்போட்டும் இணைந்ததன் பயனாக, 1908 சனவரியில் ஆர். எச். ரோனி என்னும் அறிஞர் வெள்ளிக்கிழமை மாலை லோங்ரனிலும், சனிக்கிழமை பிற்பகல் றொச்டேலிலும் வகுப்பெடுக்கத் தொடங்கினார். வகுப்புக்கு முப்பது பேர் அளவே. மூன்று ஆண்டு தொடர்ந்து வருதலும் கட்டுரை எழுதுதலும் கட்டாயம். இரண்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் விரிவுரை, மற்றையது விவாதம். நெசவாளரும் குயவரும் சுரங்கத் தொழிலாளரும் தமக்கு நூல்களிற் கிடையாத பலவற்றைக் கற்பித்தனர் என்று ரோனி 1912 இல் வெளியிட்ட தம் நூலின் முன்னுரையிற் குறித்துள்ளார். உலகியலறிவோடு வரும் மாணாக்கர்முன் ஆசிரியனும் மாணாக்கனாதலே இக்கல்வியின் தனிச் சிறப்பு என்க.

1927 இல் ஒக்ஸ்போட் இப்பணிக்கென றூலி இல்லம் என்னும் கட்டடத்தைப் பெற்றது. 1990 இல் அவ்வில்லம் பகுதிநேர மாணாக்கர்க்குரிய கழகமாகவும் அமைந்தது. 1994 இல் அது கெலொக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. நூறாண்டுக்கு மேல் வாயிலில் நின்ற மாணாக்கர் இவ்வாறு மனையினுள் இடம் பெற்றனர்.

நம் நாட்டினர் பெரிதும் அறிந்தது வேறொரு வழி. இலண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல் வெளிவாரிப் பரீட்சைகளை நடத்தியது. சுவாமி விபுலாநந்தர், துறவு பூணுமுன், 1916 இல் அப்பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். விளக்கொளியில் தனியே கற்று அப்பட்டம் பெற்ற ஆசிரியர் நம்மிடைப் பலர். இவ்விரு வழிகளையும் ஒப்பு நோக்குக. ஒக்ஸ்போட் வகுப்பு ஆசிரியனைத் தந்தது; பட்டம் தரவில்லை. இலண்டன் பட்டம் தந்தது, ஆசிரியனைத் தரவில்லை. முன்னையது அறிவை வளர்த்தும் வாழ்க்கைப் படியை உயர்த்தவில்லை. பின்னையது படியை உயர்த்தியும் கற்போனைத் தனிமையில் விட்டது. இவ்விரு குறைகளையும் நீக்க எழுந்ததே 1969 இல் இங்கிலாந்தில் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகம். அதனையொத்த இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980 இல் நிறுவப்பட்டது.

ஆயின் பட்டத்தை வேண்டாது அறிவொன்றையே வேண்டுவோர்க்கு நம் ஊர்களில் இடமுண்டோ? வைத்தியரும் கமக்காரரும் வணிகரும் ஒரு வாங்கில் அமர்ந்து, வரலாற்றையோ இலக்கியத்தையோ முறையாகக் கற்கும் வகுப்பு மிக அரிது. கல்லூரி மண்டபமும் நூல்நிலையமும் மாலையில் ஆளின்றிக் கிடக்கின்றன. ஒரு ஆசிரியர், முப்பது மாணாக்கர், ஒரு நூற்பெட்டி, மூன்று ஆண்டு ஊக்கம் ஆகிய இவையே ரோனிக்குப் போதியனவாயின. விழாக்காலத்தில் பழைய மாணவர் கட்டடத்திற்கு நிதி சேர்த்தல் வழக்கம், அது நன்றே. அந்நிதியில் ஒரு சிறு பங்கை இத்தகைய வகுப்பொன்றிற்கு ஒதுக்கி வைப்பாராயின், கூலி நின்றதும் வகுப்பு நின்ற சுரங்கத் தொழிலாளரின் நிலை இங்கு நேராது. கல்லூரியும் தன் பழைய மாணவரை விழாவிற்கு மட்டுமன்றிக் கல்விக்கும் மீண்டும் அழைத்ததாகும்.