கொடாததைக் கொள்ளல்

இல்லறத்தார் ஏற்கும் ஐந்து அணுவிரதங்களுள் மூன்றாவது கள்ளாமை. உரியவர் கொடாத பொருளைக் கொள்வதே களவு என நம் ஆகமங்கள் வரையறுக்கின்றன. பொருளின் விலை, எடுத்தவரின் நிலை, எவரேனும் கண்டனரா என்பன அவ்வரையறையில் இடம்பெறவில்லை. கடைக்களவைப் பற்றிச் சிந்திக்கும்போது இதனை மனத்தில் இருத்துதல் நன்று.

வாங்க வந்தவர்போல் கடையினுள் நுழைந்து, பொருளை மறைத்து, விலை கொடாது வெளியேறுதல் கடைக்களவாகும். விலைச்சீட்டை மாற்றி ஒட்டுதலும், தின்பண்டத்தைத் தின்றுவிட்டு வெற்று உறையை அடுக்கில் செருகுதலும் அதன் வகைகளே.

முன்னாளில் மளிகைக் கடையில் எடை போடுபவர் அப்பாலும் வாங்குபவர் இப்பாலும் நின்றனர். கேட்ட பொருளே கைக்கு வந்தது. 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்னும் கடையைத் திறந்தார். வாங்குவோரே கூடையேந்தி, வேண்டியதை எடுத்துக்கொள்ளும் முறை அங்கே பரவத் தொடங்கியது. இன்று அது கள்ளக்குறிச்சிக் கடைவீதிக்கும் வந்துவிட்டது. கைக்கு எட்டிய பொருள் கொடுக்கப்பட்ட பொருள்போல் தோன்றுவதே இம்முறையின் கவர்ச்சி, ஆபத்தும் அதுவே.

ஏன் எடுக்கின்றனர்? பசியால் எடுப்பவர் உண்டு. விற்றுப் பிழைக்கவே கூட்டமாக வந்து பட்டுப்புடவைகளை மறைத்துச் செல்வோரும் உண்டு. ஆனால் பணப்பையில் பணம் இருந்தும் எடுப்போரே நம் ஆராய்ச்சிக்கு உரியவர். மாணவர் தோழரின் தூண்டுதலால் எடுக்கின்றனர். பெரியவர், “இவ்வளவு பெரிய கடைக்கு இதனால் என்ன குறை?” என்று தமக்குள் வழக்காடித் தாமே தீர்ப்பும் வழங்கிக்கொள்கின்றனர். கிளெப்டோமேனியா என்னும் மனநோய் அரிதானது. அந்நோயாளிக்குப் பொருளில் ஆசையில்லை, எடுக்கும் உந்துதலை அடக்க இயலாமையே உண்டு. முதுமையில் சிலவகை மறதி நோய்களும் கட்டுப்பாட்டைக் குலைத்துவிடும். ஜப்பானில் சிறை செல்லும் முதிய பெண்களுள் பெரும்பாலோர் களவுக்காகவே செல்கின்றனர். அவர்களுள் பலருக்குத் தனிமையே காரணமென்கின்றனர். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு வீட்டைக் காத்திருக்கும் என் வயதினர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

பெரிய கடைக்குக் குறையில்லை என்பது பொய்வழக்கு. குறைந்த சரக்கின் விலையை விற்பனைப் பெண்ணின் ஊதியத்தில் பிடிக்கும் வழக்கம் சில கடைகளில் உண்டு. ஊழியரின் விளக்கத்தைக் கேளாமல் இழப்புக்காகப் பிடித்தம் செய்யலாகாது என்பது 1936ஆம் ஆண்டு ஊதியச் சட்டம் வகுத்த நெறி. அதனை அறிந்து வாதிட அப்பெண்ணுக்குத் துணிவு எங்ஙனம் வரும்? கடையில் அமர ஓர் இருக்கை வேண்டுமென்பதற்கே தமிழ்நாட்டில் 2021இல் தனிச் சட்டத் திருத்தம் வேண்டியிருந்தது!

மற்றொரு தீங்கு கண்ணுக்குப் புலப்படாதது. வெள்ளிமலையிலிருந்து பேருந்தில் இறங்கி வரும் கல்வராயன் மலைமக்கள் துணிக்கடைக்குள் நுழைந்தால், ஊழியர் கண்கள் அவர்களைத் தொடர்கின்றன. பட்டுடுத்தி வருபவரை எவரும் தொடர்வதில்லை. பிறப்பை வைத்தே சில குலத்தாரைத் திருடரெனப் பதிவு செய்த 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1952இல் நாடெங்கும் நீங்கிற்று. அந்தப் பார்வை நீங்கவில்லை. வசதியுள்ளவர் எடுத்த பொருளுக்கும் ஐயம் எளியவர்மீதே விழுகிறது.

கள்ளாமைக்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன: களவுக்கு ஏவுதல், களவுப் பொருளை ஏற்றல், அரசின் முறைமையை மீறுதல், அளவையில் ஏய்த்தல், போலிச் சரக்கு கலத்தல். மலைமக்கள் சுமந்து வந்த புளியையும் கடுக்காயையும் எடை குறைத்து வாங்கும் வணிகர், கல்லாவின் பின்னே அமர்ந்திருந்தாலும் கடைக்களவே செய்கின்றார். இது வணிகம் செய்யும் நம் இளைஞர்க்கு. இரண்டாவது அதிசாரமோ தாய்மார்க்கு. மகளின் பையில் புதுப் பேனாவைக் கண்டும் “எங்கே கிடைத்தது?” என்று வினவாத வீடு, அறியாமலே அப்பொருளை ஏற்றுக்கொள்கிறது.

2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவில் ஒரு புதுமை உண்டு. களவு போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைந்து, குற்றவாளிக்கு அதுவே முதல் தண்டனையாகி, பொருளையோ விலையையோ அவர் திருப்பிக் கொடுத்தால், தண்டனை சமூகத் தொண்டாகும். பதினெட்டு வயது நிரம்பாதவர் காவல் நிலையச் சிறைக்கன்று, இளைஞர் நீதிக் குழுமத்தின்முன் செல்லவேண்டியவர். எனவே, சிறுவனை மிரட்டப் போலீசைக் கூப்பிடுவேன் என்று கூவுதல் சட்டமும் அன்று, கல்வியும் அன்று.

பிள்ளை எடுத்து வந்தது தெரிந்தால், அன்றே அதனுடன் கடைக்குச் செல்லுங்கள். தெருவறிய அடித்தல் வேண்டா. தாயே பணத்தைக் கட்டிவிட்டு மறைத்தலும் வேண்டா. பொருள் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும். “கேளாமல் எடுத்தேன், திருப்பிக் கொண்டுவந்தேன்” என்று அதுவே சொல்லட்டும். கடைக்காரர் இரண்டு சொல் கடிந்துரைத்தால் குறுக்கிடாது நில்லுங்கள். அப்பொருள் குறைந்ததற்காக எவர் ஊதியத்திலேனும் கை வைத்தனரா என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.